ஒற்றை விசில்

எங்கள் வீட்டு இரும்புப் படிக்கட்டுக்கு மேல் ஒரு பல்பு இருக்கிறது. அதை யாரும் போடுவதில்லை, யாரும் அணைப்பதுமில்லை. பொழுது சாய்ந்தால் தானே எரியும், விடிந்தால் தானே அணையும் ரகம். சிவப்பும் மஞ்சளும் கலந்த நிறம். அது எரியத் தொடங்குகிற நேரத்தில் நான் சமையலறையை விட்டு வெளியே வருவதில்லை. கழுவின பாத்திரத்தையே இன்னொரு தரம் கழுவிக்கொண்டு நிற்பேன். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் வாய்விட்டுச் சிரிக்கிறவள் நான். ஒரு பல்புக்குப் பயந்து உள்ளே நிற்கிறேன் என்று வெளியில் சொன்னால் மானம் போய்விடும்.

பல்புக்கு நேர் எதிரே, சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஜன்னல். நல்ல அகலமான ஜன்னல், இப்போது மூடியே கிடக்கிறது. அந்த ஜன்னலுக்கும் இந்தப் பல்புக்கும் நடுவில் நடந்ததைத்தான் எழுதப்போகிறேன். அதற்கு முன் ஒரு அமெரிக்க நாவலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் எல்லாவற்றையும் பார்த்துத் தொலைத்தேன்.

நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறவள். எம்.ஏ. பிள்ளைகளுக்கு ஒரு பழைய அமெரிக்க நாவல் பாடம். ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர், அதில் ஒரு மரக்கடைக்காரர். முதல் அத்தியாயத்தில், ஏழை வீட்டில் சாவு விழுந்தால் கேட்காமலே நல்ல பலகையில் சவப்பெட்டி செய்து கொண்டுபோய் இறக்குகிறவர். கடைசி அத்தியாயத்தில் உளுத்துப்போன பலகைக்குச் சாயம் பூசிப் பெட்டி செய்கிறார். நடுவில் உள்ள அத்தனை பக்கத்திலும் கொலை, கொள்ளை, கள்ளக்காதல் எதுவும் கிடையாது. அத்தியாயத்துக்கு ஒரு நியாயமான காரணம் சொல்வார், அவ்வளவுதான். படிக்கிறவர்களுக்கும் அது நியாயமாகத்தான் படும். புத்தகத்தை மூடும்போதுதான் முதல் அத்தியாயத்துப் பெட்டி ஞாபகத்துக்கு வரும்.

'கதைமாந்தர்களின் ஒழுக்கச் சரிவை விளக்குக' என்பது தேர்வில் தவறாமல் வருகிற கேள்வி. பிள்ளைகள் கைடை மனப்பாடம் செய்து முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று கோடு போட்டு எழுதித் தள்ளும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "கட்டம் கட்டமா கெட்டுப்போறதுக்கு மனுஷன் இன்னா தாயமா ஆடறான்?" என்று வகுப்பில் கத்துவேன். "கெட்டுப்போறவனுக்கு தான் கெட்டுப்போறது தெரியாது. நல்லவனாவே இருக்கறதா நெனச்சுட்டு இருப்பான். அத எழுதுங்க." ஒரு பிள்ளையும் அதை எழுதினதில்லை. கைடில் இல்லாததை எழுத அவர்களுக்கென்ன பைத்தியமா?

வீட்டுக்கு வந்து புலம்பினால் என் கணவர் சிரிப்பார். "ஊர்ல இருக்கறவங்க எல்லாருக்கும் மார்க் போட்டுட்டே இருக்க. எனக்கு எவ்ளோ போட்ட?" என்பார்.

"பாஸ்" என்பேன்.

"வெறும் பாஸா? ரேங்க் கெடையாதா?" என்று மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொள்வார். உண்மையில் ரேங்க்தான். சொன்னால் தலைக்கு ஏறிவிடும் என்று சொல்லாமல் வைத்திருந்தேன்.

அவர் கீழ்பென்னாத்தூரில் உரக்கடை வைத்திருந்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற விவசாயி மூட்டை உரம் கேட்டு வந்தால், "உன் மண்ணுக்கு இது வேணாம்யா, வீணாப் போயிடும்" என்று திருப்பி அனுப்புகிற உரக்கடைக்காரரை நீங்கள் எங்கே பார்த்திருக்கப் போகிறீர்கள். நான் பார்த்தேன், கட்டிக்கொண்டேன். கோபத்தில் நான் அவரை என்னென்னவோ சொல்லியிருக்கிறேன். கெட்டவர் என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

எங்கள் வீடு திருவண்ணாமலையில் ஆசிரமத்தைத் தாண்டி, செங்கம் ரோட்டிலிருந்து தெற்கே பிரிகிற ஒரு சந்தில் இருக்கிறது. வீட்டை ஒட்டி எங்களுக்கே சொந்தமாக ஒரு காலி மனை. முருங்கை மரமும் துணி காயப்போடுகிற கொடியும்தான் அதில் இருந்தன. மனைக்கு நேர் எதிரே கண்டக்டர் வீடு. அரசு பஸ்ஸில் பெங்களூர் ரூட்டில் ஓடி ரிட்டையர் ஆனவர். சந்தில் பைக்கைக் கோணலாக நிறுத்தினால் சண்டைக்கு வருவார், குப்பை வண்டிக்காரனோடு சண்டை, பால்காரனோடு சண்டை. ஆனால் என் கணவரோடு மட்டும் ஒட்டுதல். இவர் "அண்ணா" என்பார், அவர் "தம்பி" என்பார்.

ரிட்டையர் ஆன பிறகும் அவர் விசிலைக் கழற்றவில்லை. கழுத்தில் கருப்புக் கயிற்றில் தொங்கும். சந்தில் தெரிந்தவர்கள் யார் போனாலும் ஜன்னலிலிருந்து ஒரு விசில் அடிப்பார். நின்றுவிட வேண்டும். என்ன சமையல், எங்கே போகிறாய், பையனுக்குப் பெண் பார்த்தாயிற்றா என்று எல்லாம் விசாரித்து முடித்து இரண்டு விசில் கொடுப்பார். "ரைட்!" அதற்கப்புறம்தான் நகரலாம். என் கணவர் இதை ஒரு விளையாட்டாகவே வைத்திருந்தார். விசில் கேட்டதும் தூக்கின காலைக் கீழே வைக்காமல் அப்படியே நிற்பார். இரண்டு விசில் வருகிறவரை ஆடாமல் அசையாமல் நிற்பார். கண்டக்டருக்கு அதில் அத்தனை சந்தோஷம். வேண்டுமென்றே தாமதம் செய்வார்.

ஒரு வருஷம் புரட்டாசியில் கண்டக்டருக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. நாக்கு கொஞ்சம் குழறினாலும் வாய் மட்டும் குறையவில்லை. கார்த்திகை நெருங்க நெருங்க ஆள் சோர்ந்துபோனார். தீபத்தன்று நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீரில் விரதம் இருந்து, மலையில் ஜோதியைப் பார்த்த பிறகுதான் சாப்பிடுவது இந்த ஊரில் பலருக்கு வழக்கம். அவர் சின்ன வயசிலிருந்து விட்டதில்லை. டியூட்டியில் இருந்தபோதும் லீவு போட்டுவிட்டு வந்துவிடுவாராம். தீபம் ஏறினதும் அவர் இரண்டு விசில் கொடுப்பார். அவர் ரைட் கொடுத்த பிறகுதான் எங்கள் சந்தில் வாசலுக்கு வாசல் அகல்விளக்கு ஏற்றுவோம். யார் வைத்த சட்டமோ, அப்படியே ஆகிவிட்டது. இப்போது படுத்த படுக்கையாகிவிட்டார். அவர் அறையில் இருந்ததோ ஒரு சின்னக் காற்று ஜன்னல்.

என் கணவர் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தச் சுவரை இடித்து அகலமான ஜன்னல் வைத்துக்கொடுத்தார். கட்டிலைத் தானே இழுத்துப் போட்டு, தானே அதில் படுத்துப் பார்த்தார். எங்கள் காலி மனை, அதைத் தாண்டி ஓட்டு வீடுகள், அதற்கு மேல் மலை உச்சி. "படுத்துட்டே பாக்கலாம்ணா" என்றார். அந்த வருஷம் கண்டக்டர் படுத்தபடியே தீபம் பார்த்து இரண்டு விசில் கொடுத்தார். கொடுத்துவிட்டு என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். நானும் அழுதேன். அன்றைக்கு நான் போட்ட மார்க்கை இன்றுவரை யாருக்கும் போட்டதில்லை.

பிறகு உரக்கடையில் வியாபாரம் கம்மியாயிற்று. ஆசிரமத்துப் பக்கம் ரூம் கேட்டு அலைகிற கூட்டம் ஜாஸ்தியாயிற்று. வெளிநாட்டுக்காரர்கள், பெங்களூர்க்காரர்கள், சென்னைக்காரர்கள், யார் வந்தாலும் முதல் கேள்வி, "மலை தெரியுமா?" என்பதுதான். காலி மனையில் ரூம் கட்டலாம் என்று இவர் சொன்னபோது தப்பென்று எனக்கும் தோன்றவில்லை. வேலை தொடங்குவதற்கு முன் இவரே போய்க் கண்டக்டர் கட்டிலில் உட்கார்ந்தார். "அண்ணா, உங்க ஜன்னலுக்கு நேரா எடம் விட்டுத்தான் கட்டப்போறேன். மலைய மறைக்கறது பாவம் இல்லியா?"

"உன் எடம் தம்பி. நீ கட்டு" என்றார் அவர்.

சொன்னபடி இடைவெளி விட்டார். இடம் வீண் என்று கொத்தனார் முணுமுணுத்தபோதும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் கட்டடம் எழுந்தது, நடுவில் ஒரு கீற்று. கட்டிலிலிருந்து பார்த்தால் உச்சி மட்டும் தெரிந்தது. போதாதா என்றார் கண்டக்டர்.

மாடி ரூம்களுக்குப் படி எங்கள் வீட்டுக்குள் இருந்ததால், போகிறவர்கள் எங்கள் கூடத்தின் வழியாகப் போகவேண்டியிருந்தது. எனக்கே அது எரிச்சல். அதனால் இடைவெளியில் ஓர் இரும்புப் படிக்கட்டு வந்தது. "படிக்கு நடுவுல தெரியுதுல்லண்ணா?" என்று போய்க் கேட்டார். தெரிந்தது, துண்டு துண்டாக. மழையில் ஓர் அம்மாள் படியில் வழுக்கி விழுந்தாள். தலைக்கு மேல் தகரம் வந்தது. விழுந்தவளைப் பார்த்த பிறகு தகரம் வேண்டாம் என்று யார் சொல்வது? அடுத்து ஒரு ஜோடி வந்தது. எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு ஆள் எந்நேரமும் படுத்துக்கொண்டு எங்களையே முறைத்துப் பார்க்கிறான் என்று புகார் சொன்னார்கள். படிக்கட்டின் பக்கவாட்டில் வெல்டிங் வைத்த சட்டத்தோடு பச்சை ஷீட் வந்தது.

அன்றைக்கு நான் சண்டை போட்டேன். சாதாரணச் சண்டை இல்லை, தட்டு பறந்தது. "அந்த ஜன்னல வச்சவரே நீங்கதான், ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"ஏம்மா, வருஷத்துல ஒரு நாள். தீபத்தன்னிக்கு ஷீட்டக் கழட்டி விட்டுடறேன். மத்த நாள்ல அண்ணா மலையப் பாத்துட்டு இன்னா பண்ணப்போறாரு? தூங்கிட்டுத்தான இருக்காரு?"

அவர் குரல் ஏறவேயில்லை. இந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று நினைத்தேன். மறுநாள் வகுப்பில் நாவலை வாசிக்கும்போது தெரிந்தது. மரக்கடைக்காரர் பேசுகிற பக்கத்தில் என் வாயிலிருந்து என் கணவரின் குரல் வந்தது. பாதியில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தேன். அதற்கப்புறம் அந்த நாவலை எடுத்தாலே வீட்டு நினைப்பும், வீட்டுக்கு வந்தால் நாவல் நினைப்பும் என்னைப் பிடித்து ஆட்டத் தொடங்கின. சாப்பாடு பரிமாறும்போது எந்த அத்தியாயத்தில் இருக்கிறோம் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

ஷீட் வந்த பிறகு கண்டக்டர் இவரைப் பார்த்து விசில் அடிப்பதை நிறுத்திவிட்டார். "தம்பி" போய் "ஓனர் சார்" வந்தது. என் கணவர் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

அந்தக் கார்த்திகையும் வந்தது. எங்கள் ரூம்கள் எல்லாம் நிறைந்துவிட்டன. தீபத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்து இவர் வெல்டரைத் தேடினார், நிஜமாகவே தேடினார். வெல்டர்கள் எல்லாரும் பந்தல் வேலையில் இருந்தார்கள். தீபத்தன்று காலையில் படிக்கட்டில் ஏறி எலெக்ட்ரீஷியன் ஏதோ மாட்டிக்கொண்டிருந்தான். என்ன என்று இவரைக் கேட்டதற்கு, "சீரியல் செட் மாதிரி, அலங்காரம்" என்றார். ஊரெல்லாம் அலங்காரம்தான் அன்றைக்கு. நானும் நம்பினேன்.

சாயங்காலம் கண்டக்டர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அவருக்குச் சவரம் செய்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை மாட்டி உட்கார்த்தி வைத்திருந்தார். முதுகுக்கு மூன்று தலையணை. அடை மாவு அடுப்படியில் தயாராக இருந்தது.

"ஷீட்டு இன்னும் கழட்டலியே டீச்சரம்மா" என்றார்.

"வெல்டர் வரேன்னு சொல்லியிருக்காராம்ணா" என்றேன்.

சந்தில் எல்லா வாசலிலும் பெண்கள் அகலில் எண்ணெய் ஊற்றித் தீப்பெட்டியோடு நின்றார்கள். அன்றைக்குச் செங்கம் ரோட்டில் பஸ் கிடையாது. கிரிவலக் கூட்டம்தான், கடல் இரைகிற மாதிரி ஓர் ஒலி. இருட்டத் தொடங்கியது. வெல்டர் வரவில்லை. திடீரென்று ரோட்டிலிருந்து "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று ஊரே அலறியது. எங்கள் மொட்டை மாடியில் இருந்த விருந்தாளிகளும் கத்தினார்கள். அதே நேரம் ஜன்னலுக்கு நேராக, தகரத்தின் விளிம்பில், முன்பு மலை உச்சி தெரிந்த அதே இடத்தில், ஒரு சிவந்த மஞ்சள் வெளிச்சம் எரிந்தது.

"அண்ணா! ஏத்திட்டாங்கண்ணா! தெரியுதா?"

என் கணவர் சந்தில் நின்றுகொண்டு, தலைக்கு மேல் கையைக் கூப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக் கத்தினார். எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிற முகமாக இருந்திருந்தால் நான் பிழைத்துப்போயிருப்பேன். திட்டி, அழுது, ஒரு வாரம் பேசாமல் இருந்து முடித்திருப்பேன். அது பொய் சொல்கிற முகம் இல்லை. ஒருவருக்கு நல்லது செய்துவிட்ட சந்தோஷத்தில் மலர்ந்திருந்த முகம். ஜன்னல் வைத்துக்கொடுத்த அன்றைக்கு இருந்த அதே முகம். அந்த முகம்தான் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது.

கண்டக்டரின் மனைவி பல்பைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். பிறகு சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கும்புடுங்க. கும்புட்டுட்டு சாப்புடலாம்" என்றார்.

அவர் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஆடவில்லை, காற்றுக்குச் சாயவில்லை. வலது கையால் விசிலைத் தடவி எடுத்து வாயில் வைத்தார். ஒரு விசில் கொடுத்தார், நீளமாக.

என் கணவர் நின்றார். பழக்க தோஷம், அப்படியே நின்றுவிட்டார். கூப்பின கை கூப்பினபடி இருந்தது. இரண்டு விசிலுக்காகக் காத்திருந்தார். சந்தில் தீப்பெட்டியோடு நின்ற அத்தனை பேரும் காத்திருந்தார்கள். நானும்தான். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கூப்பின கை மெல்ல இறங்கியது. இறங்கின பிறகும் அவர் நகரவில்லை. மாடியிலிருந்து யாரோ, "பாஸ், டீ கிடைக்குமா?" என்று கேட்ட பிறகுதான் உள்ளே போனார். அந்த வருஷம் எங்கள் சந்தில் ரைட் கிடைக்காமலே, ஒருவரை ஒருவர் பார்த்து, ஒவ்வொரு வாசலாக விளக்கு ஏற்றினார்கள்.

கண்டக்டர் சாப்பிடவில்லை. அவர் மனைவி போனில் நேரலையைக் காட்டிக் கெஞ்சினார். "போன்ல பாக்கறதுக்கா திருவண்ணாமலைல கெடக்கறேன்?" என்று தட்டிவிட்டார். சர்க்கரை உள்ள உடம்பு. நான் ஓடிப்போய் என் கணவரிடம் சொன்னேன். நாலு பேர் சேர்ந்து கட்டிலோடு ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றேன்.

"இந்தக் கூட்டத்துலயா? நசுங்கிடுவாரு. இன்னும் பத்து நாள் எரியப்போவுது, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். சொன்னது சரிதான், எப்போதும் போல. பிறகு தாழ்ந்த குரலில், "அவரு மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான பண்ணேன்? அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

எப்படித் தெரிந்தது என்பதுதான் அவருக்குச் சந்தேகம். நான் கண்டக்டர் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் இவர் ரூம் காலி செய்கிறவர்களையும் புதிதாக வருகிறவர்களையும் கவனிப்பதில் மாட்டிக்கொண்டார். சாயங்காலம் நானே ஆட்டோ பிடித்தேன். ஆட்டோக்காரரும் நானும் கண்டக்டரின் மனைவியும் சேர்ந்து அவரைத் தூக்கி உட்காரவைத்தோம். ஒன்றரை நாளாக வெறும் தண்ணீர். தலை நிற்கவில்லை, என் தோளில் சாய்த்துக்கொண்டேன். ரோட்டுக்குப் போய் ஒரு டீக்கடை ஓரமாக ஆட்டோவைத் திருப்பி நிறுத்தினோம். மேலே எரிந்துகொண்டிருந்தது. காற்றில் ஒரு பக்கம் சாய்ந்து, குறுகி, மறுபடி எழுந்தது.

அவர் வெகுநேரம் பார்த்தார். விசிலை நான்தான் எடுத்து வாயில் வைத்தேன். காற்று போதவில்லை, ஆனாலும் இரண்டு முறை ஊதினார். ஆட்டோவுக்கு வெளியே கேட்டிருக்காது. அவர் மனைவி இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து ஊட்டினார். பாதி இட்லிக்கு அப்புறம் அவர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பிகிட்ட சொல்லிடு டீச்சரம்மா. நேத்து நிறுத்திட்டேன். இன்னிக்கு ரைட் குடுத்துட்டேன். சொல்லிடு."

பல மாதம் கழித்து "தம்பி" திரும்பி வந்திருந்தது. சொல்வதற்காகத்தான் வீட்டுக்கு ஓடினேன். சத்தியமாகச் சொல்வதற்காகத்தான். இவர் வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமாங்க, ஹில் வியூதான். இன்னும் எரியுதுங்க. வாங்க, படுத்துட்டே பாக்கலாம்."

அதே வார்த்தை. கட்டிலில் தானே படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்ன அதே வார்த்தை. நான் உள்ளே போய் முகம் கழுவினேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மாசியில் கண்டக்டர் போய்விட்டார். என் கணவர்தான் முன்னால் நின்று எல்லாம் செய்தார். பாடைக்குத் தோள் கொடுத்தார், சுடுகாட்டிலிருந்து வந்து பிள்ளையைப் பறிகொடுத்தவர் மாதிரி அழுதார். நடிப்பு இல்லை. கண்டக்டரின் மனைவி வீட்டைப் பூட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூரில் இருக்கிற மகளிடம் போனார். போகிற அன்றைக்கு விசிலைக் கயிற்றோடு என் கையில் வைத்தார். "நீங்க வச்சுக்கங்க டீச்சரம்மா. எங்கிட்ட இருந்தா எந்நேரமும் கூப்புடற மாதிரியே இருக்குது" என்றார். என் புடவை அலமாரியில் வைத்திருக்கிறேன்.

அந்தப் பருவத்தில் மறுபடி அதே நாவல், அதே கேள்வி. மரக்கடைக்காரரை முடித்து, அவரோடு சேர்ந்து கெட்டுப்போகிற ஊர்ப் பாதிரியாரையும் நடத்தி முடித்தேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். "மேடம், மரக்கடைக்காரரோட ஒய்ஃப் எந்தக் கட்டத்துல வராங்க?"

"அவ எதுலயும் வரமாட்டா. அவ ஒண்ணும் பண்ணலியே."

"லாஸ்ட் சாப்டர்ல அவரு மன்னிப்பு கேக்க வாயெடுக்கறாரு. இவங்களுக்குத் தெரியுது. தெரிஞ்சே வெளக்க அணைச்சுட்டுப் படுக்கப் போயிடறாங்க. அது இன்னா மேடம்?"

உட்கார் என்று ஒரு அதட்டல் போட்டேன். கைடில் இல்லாததைக் கேட்ட ஒரே பிள்ளை அவள்தான். அவளுக்குப் போய் அந்த அதட்டல். வகுப்பு முடிந்து ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை மறுபடி பிரித்தேன்.

பல்பு இன்னும் இருக்கிறது. அதைக் கழற்ற எலெக்ட்ரீஷியன் வந்தபோது இவர், "இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. பொழுது சாயும்போது தானே எரிகிறது. அந்த நேரத்தில் இவர் மாடி ரூம்களுக்குத் தண்ணீர் கேன் எடுத்துக்கொண்டு படியேறுவார். செங்கம் ரோட்டில் பஸ்கள் போய்க்கொண்டிருக்கும். ஸ்டாப்பில் ஏதாவது ஒரு பஸ் நிற்கிறதற்கு ஒற்றை விசில் கேட்கும். இவர் படியில் அப்படியே நின்றுவிடுகிறார்.

முன்பு போல ஒரு காலைத் தூக்கி விளையாடுவதில்லை. இரண்டு காலையும் ஊன்றி, தோளில் கேனோடு, பல்புக்குக் கீழே நிற்கிறார். ரோட்டிலிருந்து இரண்டு விசில் வந்தால் நடக்கிறார். சில நாள் லாரிச் சத்தத்தில் அது கேட்பதில்லை. அன்றைக்கெல்லாம் நின்றுகொண்டே இருக்கிறார். எதிரே மூடின ஜன்னலைப் பார்ப்பதில்லை, தலையைக் குனிந்துகொள்கிறார். விருந்தாளிகள் யாராவது இறங்கி வந்தால் சுவரோடு ஒதுங்கி வழி விடுகிறார். மறுபடி அதே படியில் நிற்கிறார். சமையலறை ஜன்னல் வழியாகத்தான் இதை முதல் தடவை பார்த்தேன்.

போன வாரம் அப்படி நின்றவர், நின்றபடியே கூப்பிட்டார். "ஏம்மா."

சமையலறை வாசல் வரைக்கும் வந்தேன்.

"தீபத்துக்கு மறுநாள் ஆட்டோல கூட்டிட்டுப் போனியே. அண்ணா ஏதாவது சொன்னாரா?"

அவர் முகத்தில் பல்பு வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. ஒரு வாக்கியம்தான். நாக்கு நுனியில் இருந்தது. ரேங்க் வாங்கின என் மனுஷர் அந்த ஒரு வாக்கியத்துக்காகக் கேனை இறக்கி வைக்காமல் நின்றார். படுத்துட்டே பாக்கலாம் என்ற குரலும் அதே நேரத்தில் என் காதில் கேட்டது.

"சாப்பிட்டாரு" என்றேன்.

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"இல்ல."

உள்ளே வந்து, கழுவின பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவினேன். வெளியே அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.